ஒலிக்கு ஓர் ஏணி

வீட்டில் கையால் கட்டிய ஆம்ப்ளிஃபையரின் முகப்பில் பாட்டோடு சேர்ந்து ஏறி இறங்கும் விளக்கு வரிசையைப் பார்ப்பவர்கள் அதை அலங்காரம் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். கடைகளிலும் அப்படிச் சொல்லித்தான் விற்கிறார்கள்: ‘டான்ஸிங் லைட்’. எனக்கு அந்தப் பெயரில் உடன்பாடில்லை. ஒலியின் மட்டம் இவ்வளவு என்று இரண்டு ஊர்க்காரர்கள் ஒரே மாதிரி சொல்ல முடியாமல் திண்டாடிய காலத்தில், அந்தத் திண்டாட்டத்தைத் தீர்க்கப் பிறந்த கருவியின் வாரிசு அது. அதன் ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு கணக்கு உண்டு. அந்தக் கணக்கு தெரிந்து கட்டினால் அது மீட்டர். தெரியாமல் கட்டினால் சீரியல் பல்பு.

1930களின் அமெரிக்காவில் ஒரு வானொலி நிகழ்ச்சி ஓர் ஊரின் ஸ்டுடியோவில் தொடங்கி வேறோர் ஊரின் டிரான்ஸ்மிட்டரில் போய்ச் சேரும். நடுவில் நூற்றுக்கணக்கான மைல் டெலிபோன் கம்பி. மட்டம் கூடிப்போனால் வழியிலுள்ள வால்வு ஆம்ப்ளிஃபையர்கள் திணறும். பக்கத்துக் கம்பியில் போகிற பேச்சுக்குள்ளும் பாட்டு கசியும். மட்டம் குறைந்தால் கம்பியின் இரைச்சல் மேலே வந்துவிடும். ஆகவே ஸ்டுடியோக்காரரும் டெலிபோன் கம்பெனிக்காரரும் ஆளுக்கொரு முள் மீட்டரை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஆனால் ஒருவரது முள் சட்டென்று எகிறும், இன்னொருவரது முள் ஆடி அசைந்து நகரும். இவருக்குப் பூஜ்யம் என்பது ஒரு மட்டம், அவருக்கு வேறொன்று. ஒரே பாட்டுக்கு இரண்டு பேரும் இரண்டு எண் சொன்னார்கள். இரண்டும் அவரவர் மீட்டரில் சரிதான்.

1938இல் பெல் ஆய்வுக்கூடமும், சி.பி.எஸ்., என்.பி.சி. என்ற இரண்டு வானொலி நிறுவனங்களும் சேர்ந்து உட்கார்ந்தன. வானொலிகள் இரண்டும் ஒன்றுக்கொன்று போட்டியாளர்கள். இருந்தும் மீட்டர் விஷயத்தில் ஒரே முடிவுக்கு வந்தார்கள். 1939 மே மாதம் முதல் எல்லோருக்கும் ஒரே மீட்டர், ஒரே அளவுகோல். சின், கேனட், மாரிஸ் என்ற மூன்று பொறியாளர்கள் அதை விளக்கி 1940இல் வெளியிட்ட கட்டுரையை இன்றைக்குப் படித்தாலும் ஒரு கருவியை எவ்வளவு பொறுப்போடு பெற்றெடுக்கலாம் என்பது தெரியும். வி.யு. மீட்டர் என்று நாம் அறிந்தது அதுதான்.

அவர்கள் வரையறுத்தவற்றில் முக்கியமானவை சில. 600 ஓமில் 1 மில்லிவாட் என்பதே அடிப்படை மட்டம். சிக்னல் திடீரென்று வந்தால் முள் 300 மில்லிசெகண்டில் தன் இடத்தின் 99 சதவீதத்தை எட்ட வேண்டும். அதற்கு மேல் தாண்டிக் குதிப்பது ஒன்று, ஒன்றரை சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அளவுகோல் கழித்தல் 20 முதல் கூட்டல் 3 வரை. முள்ளுக்குப் பின்னால் இருக்கும் அட்டைக்குக்கூட நிறம் முடிவு செய்தார்கள். மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பவரின் கண் சோரக்கூடாது என்று வெள்ளையை விட்டுவிட்டு வெளிர்மஞ்சள் வைத்தார்கள். பழைய ஸ்டுடியோப் படங்களில் எல்லா வி.யு. மீட்டரும் அதே மஞ்சளில் இருப்பதற்குக் காரணம் இதுவே.

ஆனால் 300 மில்லிசெகண்ட் என்பது இசைக்கு நீண்ட நேரம். நாகஸ்வரம் ஒரு ஸ்வரத்தில் நிற்கும்போது வி.யு. முள் உண்மையைச் சொல்லும். தவிலில் ஒரு தட்டு விழுந்தால், முள் கிளம்புவதற்குள் தட்டு முடிந்துபோயிருக்கும். லண்டனில் பி.பி.சி. பொறியாளர்கள் இதை வேறு கோணத்தில் பார்த்தார்கள். டிரான்ஸ்மிட்டரைத் திணற வைப்பது சராசரி மட்டம் இல்லை, உச்சம்தான் என்பது அவர்கள் கட்சி. 1930களின் இறுதியில் அவர்கள் செய்த பீக் புரோகிராம் மீட்டர், பி.பி.எம்., கறுப்பு அட்டையில் 1 முதல் 7 வரை வெள்ளை எண்களோடு வந்தது. ஏறும்போது 10 மில்லிசெகண்ட் கணக்கு. இறங்கும்போது வேண்டுமென்றே மெதுவாக: 24 டெசிபல் இறங்க 2.8 செகண்ட். ஏறிய உச்சத்தைக் கண் பிடித்துக்கொள்ள நேரம் தரும் ஏற்பாடு அது. அமெரிக்க மீட்டருக்கு வால்வு தேவையில்லை, ஒரு காப்பர் ஆக்சைடு ரெக்டிஃபையர் போதும், விலையும் குறைவு. பிரிட்டிஷ் மீட்டருக்கு அதை ஓட்டவே தனியாக ஒரு வால்வு சர்க்யூட் வேண்டும். உலகம் விலை குறைந்ததை அதிகம் வாங்கியது. ஆம்ப்ளிஃபையர் கட்டுபவன் என்ற முறையில் என் ஓட்டு பி.பி.சி.க்குத்தான். காரணம் பின்னால் வரும்.

இரண்டு கட்சிக்கும் பொதுவாக இருந்தது டெசிபல். டெலிபோன் பொறியாளர்கள் 1920களில் தங்கள் கம்பி வேலைக்காக உண்டாக்கிக்கொண்ட அலகு. பவர் பத்து மடங்கானால் 10 டெசிபல். இரண்டு மடங்கானால் சுமார் 3. நம் காதும் கிட்டத்தட்ட இதே பாதையில்தான் கேட்கிறது. 1 வாட்டிலிருந்து 2 வாட்டுக்குப் போனாலும், 50 வாட்டிலிருந்து 100 வாட்டுக்குப் போனாலும் காதுக்கு அது ஒரே அளவு ஏற்றம். ஒலியை அளக்கும் கோலில் படிகள் கூட்டலாக இல்லாமல் பெருக்கலாக இருக்க வேண்டும் என்பது இதிலிருந்து வருகிறது. விளக்கு மீட்டரின் முழுக் கதையும் இந்த ஒரு வரியில் அடங்கும்.

முள்ளுக்கு எடை உண்டு, எடை இருக்கும்வரை தாமதமும் உண்டு. எடையில்லாத முள் வேண்டுமானால் வெளிச்சத்தைத்தான் நாட வேண்டும். அந்த வழியில் முதல் அடி 1935இல் ஆர்.சி.ஏ. நிறுவனம் வெளியிட்ட 6இ5 என்ற வால்வு. பழைய வால்வு ரேடியோக்களின் முகப்பில், ஸ்டேஷன் சரியாகப் பிடிபடும்போது சுருங்கி விரியும் பச்சைக் கண் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. பின்னாளில் டேப் ரெக்கார்டர்களில் பதிவு மட்டம் காட்டவும் அதன் தம்பிகள் வந்தன. அழகான பொருள். ஆனால் அதற்கு ஹீட்டர் வேண்டும், இருநூறு வோல்ட்டுக்குப் பக்கத்தில் மின்சாரம் வேண்டும், சில ஆண்டுகளில் பச்சை மங்கிவிடும்.

1962 அக்டோபரில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் நியூயார்க் மாநில ஆய்வுக்கூடத்தில் நிக் ஹோலோன்யாக், கண்ணுக்குத் தெரியும் சிவப்பு வெளிச்சம் தரும் டயோடை எரிய வைத்தார். இல்லினாய்ஸ் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்த ஒரு தொழிலாளியின் மகன். டிரான்சிஸ்டரைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஜான் பார்டீனிடம் படித்தவர். காலியம், ஆர்சனிக், பாஸ்பரஸ் மூன்றும் கலந்த அந்தப் படிகத்தை மான்சாண்டோ நிறுவனம் 1968 வாக்கில் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கியது. 1972இல் அங்கே ஜார்ஜ் கிராஃபோர்ட் மஞ்சள் எல்.இ.டி.யைக் கொண்டுவந்தார். சூடு வரக் காத்திருக்க வேண்டாம், 2 வோல்ட் போதும், நூறாயிரம் முறை அணைத்து எரித்தாலும் கவலையில்லை. மீட்டருக்கென்றே செய்ததுபோன்ற விளக்கு.

விளக்கு கிடைத்துவிட்டது. எந்த விளக்கு எப்போது எரிய வேண்டும் என்று முடிவு செய்ய ஒரு மூளை வேண்டுமே. ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு கம்பேரேட்டர் வைத்து, வந்த வோல்ட்டேஜ் உன் படியைத் தாண்டியதா என்று கேட்பதே வழி. பத்து விளக்குக்குப் பத்துக் கம்பேரேட்டர், நடுவில் ரெசிஸ்டர் வரிசை, விளக்குக்கு ஒரு மின்னோட்டத் தடை என்று போர்டு கையகலத்துக்குப் பரவிவிடும். ஜெர்மனியின் சீமென்ஸ் 1970களில் இதை ஒரே ஐ.சி.க்குள் சுருக்கி யு.ஏ.ஏ.180 என்று விற்றது. அதைத் தொடர்ந்து அமெரிக்காவின் நேஷனல் செமிகண்டக்டர் மூன்று உடன்பிறப்புகளை இறக்கியது: எல்.எம்.3914, 3915, 3916. மூன்றுக்கும் 18 கால், பத்து விளக்கு. முதலாவதில் படிகள் சம அளவு. பேட்டரி வோல்ட்டேஜ் பார்க்க நல்லது. மூன்றாவதில் வி.யு. அளவுகோல். நடுவில் இருக்கும் 3915தான் நம் ஆள். படிக்கு 3 டெசிபல், பத்துப் படி.

அதன் உள்ளே இருக்கும் ரெசிஸ்டர் ஏணியைப் பார்த்தபோதுதான் எனக்கு இந்த மீட்டர் மேல் உண்மையான மரியாதை வந்தது. தரவுத்தாளில் பத்து ரெசிஸ்டர் மதிப்புகள் இருக்கின்றன. அடியில் 1 கிலோஓம். அதன்மேல் 0.41. பிறகு 0.59, 0.83, 1.17, 1.66, 2.34, 3.31, 4.69, 6.63. தனித்தனியாகப் பார்த்தால் கிறுக்கல்போல இருக்கும். கீழிருந்து ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே வாருங்கள்: 1, 1.41, 2, 2.83, 4, 5.66, 8, 11.31, 16, 22.63. ஒவ்வொரு படியும் முந்தைய படியைப்போல் 1.41 மடங்கு, அதாவது இரண்டின் வர்க்கமூலம். ஸ்பீக்கருக்குப் போகும் பவர் வோல்ட்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே வோல்ட்டேஜ் 1.41 மடங்கானால் பவர் சரியாக இரண்டு மடங்கு. மேலே ஒரு விளக்கு கூடினால் ஸ்பீக்கருக்குப் போகும் வாட் இரட்டித்திருக்கிறது என்று பொருள். டெலிபோன் பொறியாளர்களின் டெசிபல் பத்து ரெசிஸ்டராக ஒரு கறுப்புப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறது.

சென்னை ரிச்சி தெருவில் இன்று கிடைக்கும் மலிவான மீட்டர் போர்டுகள் பலவற்றில் கே.ஏ.2284 என்ற ஐந்து விளக்கு ஐ.சி. இருக்கும். அதன் படிகள் கழித்தல் 10, கழித்தல் 5, பூஜ்யம், கூட்டல் 3, கூட்டல் 6 டெசிபல். மொத்தம் 16 டெசிபல் இடைவெளியைத்தான் அது காட்டும். கேசட் டெக்கில் பதிவு மட்டம் பார்க்க அது போதும். அதற்கு மேல் அதனிடம் கேட்கக் கூடாது. ஆம்ப்ளிஃபையருக்கு 3915 வாங்குங்கள்.

இனி மேசைக்கு வருவோம். வீட்டுக் கட்டுமானத்துக்கு நான் எப்போதும் சொல்வது டி.டி.ஏ.2030ஏ என்ற ஆம்ப்ளிஃபையர் ஐ.சி. நெகட்டிவ், பாசிட்டிவ் இரண்டு பக்கமும் 16 வோல்ட் கொடுத்தால் 8 ஓம் ஸ்பீக்கரில் 12 வாட் சுத்தமாகத் தரும். 12-0-12 டிரான்ஸ்பார்மர் ஒன்று போதும். மீட்டரின் பிறப்பு இந்த 12 வாட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். 8 ஓமில் 12 வாட் என்றால் மல்டிமீட்டர் காட்டும் வோல்ட் 9.8, அலையின் உச்சம் 13.86. இதுதான் பத்தாவது விளக்கு, சிவப்பு. அதற்கு மேல் போனால் அலையின் தலை மழுங்கும். மழுங்கிய அலையில் உள்ள அதிர்வுகள் முதலில் எரிப்பது டுவீட்டரை.

3915இன் உள்ளேயே 1.25 வோல்ட் ரெஃபரன்ஸ் இருக்கிறது. அதையே ஏணியின் உச்சியில் கொடுத்துவிடலாம். 13.86ஐ 1.25 ஆக்க 11இல் ஒரு பங்கு எடுக்க வேண்டும். 10 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்று, அதற்குக் கீழே 2 கிலோஓம் பிரிசெட். திருகி 1 கிலோஓம் பக்கத்தில் வந்தால் கணக்கு சரியாகிவிடும். ரெஃபரன்ஸ் காலிலிருந்து 1.2 கிலோஓம் ரெசிஸ்டர் போட்டால் ஒவ்வொரு விளக்குக்கும் சுமார் 10 மில்லிஆம்பியர் ஓடும். விளக்குக்கு விளக்கு தனி ரெசிஸ்டர் தேவையில்லை. இன்றைய பளிச்சென்ற பச்சை எல்.இ.டி.களுக்கு 10 மில்லிஆம்பியர் கொடுத்தால் கண் கூசும். அவற்றுக்கு 3.9 கிலோஓம் போட்டு 3 மில்லிஆம்பியருக்கு இறக்கிவிடுவது நல்லது. இருட்டறையில் பாட்டுக் கேட்பவருக்கு அதுவே போதும்.

ஒலி அலையை நேர்க்கோட்டு வோல்ட்டேஜாக மாற்றும் இடத்தில்தான் பெரும்பாலான வீட்டு மீட்டர்கள் பொய் சொல்லத் தொடங்குகின்றன. வழக்கமாக ஒரு 1என்4148 டயோடைப் போட்டு, பின்னால் ஒரு கண்டன்சரை வைத்து முடித்துவிடுவார்கள். டயோடு 0.6 வோல்ட்டைத் தின்றுவிடும். உச்சியில் 13.86இல் 0.6 போனால் யாருக்கும் தெரியாது. அடியில் என்ன ஆகும்? முதல் விளக்கு எரிய வேண்டிய வோல்ட் 13.86ஐ 22.63ஆல் வகுத்தால் வருவது: 0.61. டயோடு தின்ற பிறகு அங்கே ஒன்றுமே மிஞ்சாது. உச்சியைச் சரியாக வைத்துக்கொண்டால், அடி விளக்கு 0.61க்குப் பதில் 1.19 வோல்ட்டில்தான் விழிக்கும். பவரில் பார்த்தால் கிட்டத்தட்ட நான்கு மடங்கு தவறு. அதுவும் டயோடு பிரிசெட்டுக்கு முன்னால் இருந்தால்தான் இந்தக் கணக்கு. பின்னால் இருந்தால் முழு அளவே 1.25 வோல்ட், பாதியை டயோடே எடுத்துக்கொள்ளும்.

தீர்வு 3915இன் தரவுத்தாளிலேயே இருக்கிறது, நேர்த்தியான தீர்வு. டயோடுக்கு முன்னால் ஒரு பி.என்.பி. டிரான்சிஸ்டர், பி.சி.557 போதும், எமிட்டர் ஃபாலோயராக. அது சிக்னலை 0.6 வோல்ட் மேலே தூக்கும். டயோடு அதே 0.6ஐக் கீழே இறக்கும். அறை சூடேறினால் இரண்டும் சேர்ந்தே மாறும். இதைவிடத் துல்லியம் வேண்டுவோர் ஆப்ஆம்ப் வைத்து அலையின் மேல் பாதி, கீழ்ப் பாதி இரண்டையும் எடுக்கலாம். மனிதக் குரலின் அலை இரண்டு பக்கமும் சமமாக இருப்பதில்லை என்பதால் அதற்கு நியாயம் உண்டு. வீட்டுக்கு டிரான்சிஸ்டரே நிறைவு.

டயோடுக்குப் பின்னால் வரும் கண்டன்சரும் ரெசிஸ்டரும்தான் மீட்டரின் குணத்தைத் தீர்மானிப்பவை. நான் போடுவது 10 மைக்ரோஃபாரட், 100 கிலோஓம். இரண்டையும் பெருக்கினால் 1 செகண்ட். இந்த இணை செகண்டுக்கு 8.7 டெசிபல் வீதம் இறங்கும். 2.8 செகண்டில் 24 டெசிபல். பி.பி.சி. பொறியாளர்கள் 1930களில் முள்ளுக்கு வைத்த அதே இறக்கம். ஏறுவதோ எமிட்டரில் போடும் 1 கிலோஓம் வழியாகச் சில மில்லிசெகண்டுகளில் நடந்துவிடும். தவில் தட்டு விழுந்ததும் வரிசை துள்ளி ஏறும், பிறகு நிதானமாக இறங்கும். ஆம்ப்ளிஃபையரைத் திணற வைப்பது உச்சம். ஆகவே உச்சத்தைக் காட்டும் மீட்டர்தான் ஆம்ப்ளிஃபையருக்குப் பொருந்தும். என் ஓட்டின் காரணம் இது. இதே 1 செகண்ட் கிடைக்க 1 மைக்ரோஃபாரட்டும் 1 மெகாஓமும் போடலாமே என்று தோன்றும். போடாதீர்கள். ஐ.சி. தன் உள்ளீட்டுக் காலில் எடுக்கும் சில பத்து நானோஆம்பியர் 1 மெகாஓமில் சில பத்து மில்லிவோல்ட் பிழையாக மாறும். முதல் விளக்கின் படியே அங்கே 55 மில்லிவோல்ட்தான்.

அடுத்தது மின்சாரம். ஆம்ப்ளிஃபையரின் 16 வோல்ட்டிலிருந்தே மீட்டரையும் ஓட்டலாம் என்று கை நீளும். இரண்டு காரணத்துக்காக வேண்டாம். ஒன்று சூடு. ஒன்பதாவது காலைப் பாசிட்டிவில் கட்டினால் விளக்குகள் அடுக்காக எரியும். காற்றில் விட்டால் ஒரே புள்ளியாக நகரும். மட்டம் பார்க்க அடுக்குதான் அழகு, தெளிவும் கூட. ஆனால் 12 வோல்ட்டில் ஓட்டினாலே, பத்து விளக்கும் எரியும்போது விளக்குகள் தலா 2 வோல்ட் எடுக்க, மீதி 10 வோல்ட்டும் ஐ.சி.யின் மேல் விழும். 10 வோல்ட், 100 மில்லிஆம்பியர்: 1 வாட். அந்தச் சிறிய பெட்டி தாங்குவது மொத்தமே 1.36 வாட். 5 வோல்ட்டில் ஓட்டினால் 0.3 வாட்டோடு குளிர்ச்சியாக இருக்கும்.

இன்னொரு காரணம் கிரவுண்ட். இடது, வலது என்று இரண்டு ஐ.சி. சேர்ந்தால் விளக்குகள் 200 மில்லிஆம்பியரைப் பாட்டின் தாளத்துக்கு விட்டுவிட்டு இழுக்கும். அந்த மின்னோட்டம் ஆம்ப்ளிஃபையரின் உள்ளீட்டுக் கிரவுண்ட் வயர் வழியாகத் திரும்பினால், வயரின் தடை வெறும் 0.1 ஓம் என்றாலும் 20 மில்லிவோல்ட் அங்கே எழும். 2030ஏ சர்க்யூட் வழக்கமாக 32 மடங்கு பெருக்கும். 0.64 வோல்ட் ஸ்பீக்கரில் வரும். முதல் விளக்கை ஏற்ற அதுவே போதும்! மீட்டர் தன்னைத்தானே அளக்கத் தொடங்கிவிடும். ஸ்பீக்கரில் கரகரப்பு கேட்கும். ஆகவே 9 வோல்ட் சிறு டிரான்ஸ்பார்மர் தனியாக, அதன்பின் ஒரு 7805, அதற்குச் சின்ன ஹீட் சிங்க். மீட்டரின் கிரவுண்ட் வயர் நேராகப் பவர் சப்ளையின் பெரிய கண்டன்சர்கள் சேரும் புள்ளிக்கு, தனி வயராகப் போக வேண்டும். வேறெங்கும் தொடக் கூடாது.

ஒரு எச்சரிக்கையைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். மேலே சொன்னதெல்லாம் ஸ்பீக்கரின் ஒரு வயர் கிரவுண்டில் இருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கு. கார் ஸ்டீரியோக்களும், 4440 ஐ.சி.யை பிரிட்ஜ் முறையில் கட்டிய போர்டுகளும் அப்படியில்லை. அங்கே ஸ்பீக்கரின் இரண்டு வயரிலும் சிக்னல் இருக்கும். அதில் ஒன்றைக் கிரவுண்ட் என்று நினைத்து மீட்டரைக் கட்டினால் வெளியீட்டையே ஷார்ட் செய்ததாகும், ஐ.சி. போய்விடும். பிரிட்ஜ் போர்டு என்றால் ஏதாவது ஒரு ஸ்பீக்கர் வயரிலிருந்து மட்டும், ஒரு கண்டன்சர் வழியாகச் சிக்னல் எடுத்து, பெட்டியின் கிரவுண்டைக் கிரவுண்டாக வைக்க வேண்டும். அங்கே தெரிவது பாதி வோல்ட்டேஜ் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

எல்லாம் சால்டர் செய்து முடித்ததும் பத்து விளக்கும் எரியும், பாட்டுக்கு ஆடும். பெரும்பாலோர் இங்கேயே மூடியைத் திருகிவிடுகிறார்கள். எனக்கு மனது கேட்பதில்லை. அளவுகோலில் கோடு போடாமல் விட்டதற்குச் சமம் அது. ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு 8 ஓம், 20 வாட் ஒயர்வவுண்ட் ரெசிஸ்டரை மாட்டுங்கள். கையில் தொடாதீர்கள், சுடும். போனில் டோன் ஜெனரேட்டர் செயலி ஒன்றைப் போட்டு 100 ஹெர்ட்ஸ் ஒலியை உள்ளே கொடுங்கள். மலிவான மல்டிமீட்டர்களின் ஏ.சி. அளவு வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸை ஒட்டிய அதிர்வுகளுக்கென்று அமைந்தது. 1000 ஹெர்ட்ஸில் பலவும் தவறு காட்டும் என்பதால்தான் 100. மல்டிமீட்டர் 9.8 காட்டும்வரை வால்யூமைக் கூட்டி, சிவப்பு விளக்கு எரியலாமா வேண்டாமா என்று தயங்கும் இடத்தில் பிரிசெட்டை நிறுத்துங்கள். பிறகு 6.93க்கு இறக்கினால் ஒன்பதாவது அதேபோல் தயங்க வேண்டும். 4.9இல் எட்டாவது. 3.47இல் ஏழாவது. எங்கோ ஒரு படியில் பிசகினால் டயோடையும் டிரான்சிஸ்டரையும் திரும்பிப் பாருங்கள்.

மூடியை மூடி, ஸ்பீக்கரை மாட்டி, வழக்கமாகக் கேட்கும் அளவில் பாட்டை ஓட விட்டால் மீட்டர் ஓர் உண்மையைச் சொல்லும். பத்தில் பாதிகூட எரியாது. இப்போது நம் ஏணியின் படிகளை வாட்டில் படித்தால் மேலிருந்து 12, 6, 3, 1.5, 0.75, 0.38, 0.19, 0.09, 0.05, 0.02. வழக்கமான வீட்டு ஸ்பீக்கர் 1 வாட்டுக்கு, 1 மீட்டர் தூரத்தில், 87, 88 டெசிபல் தரும். அது ஏற்கெனவே குரலை உயர்த்திப் பேச வேண்டிய சத்தம். கூடத்தில் உட்கார்ந்து நாம் கேட்பது பெரும்பாலும் அரை வாட்டுக்குள். மேலே இருக்கும் நான்கு ஐந்து விளக்குகளும் தவிலுக்கும், மிருதங்கத்தின் தீர்மானத்துக்கும், படத்தில் குண்டு வெடிக்கும் கணத்துக்கும் காத்திருக்கின்றன. பத்து வாட் ஆம்ப்ளிஃபையர் ‘பற்றாது’ என்று சொல்பவரும், பி.எம்.பி.ஓ. என்ற கணக்கில் ஆயிரக்கணக்கான வாட் எழுதிய பெட்டியை நம்பி வாங்குபவரும் இந்தப் பத்து விளக்குகளை ஒரு மாலை நேரம் பார்த்தால் போதும். பி.எம்.பி.ஓ.வுக்கு எந்தப் பொது வரையறையும் கிடையாது. எழுதுபவர் கை எவ்வளவு நீளமோ அவ்வளவு வாட். வி.யு. மீட்டருக்கு முந்தைய காலத்தில் ஆளுக்கொரு முள் வைத்திருந்தார்களே, அந்த நிலைக்கு நாம் திரும்பிப் போயிருக்கிறோம்.

நிறங்களில் கீழே ஏழு பச்சை, பிறகு இரண்டு மஞ்சள், உச்சியில் ஒரு சிவப்பு என்பது நல்ல மரபு. நீலமும் ஊதாவும் வேண்டாம். பார்ப்பவர் கண் சிவப்பை எச்சரிக்கையாகவும் பச்சையை நிம்மதியாகவும் படிக்கப் பழகியிருக்கிறது. அந்தப் பழக்கத்தைக் குலைப்பதில் லாபமில்லை. பச்சையும் சிவப்பும் ஒரே மின்னோட்டத்தில் ஒரே அளவு பளிச்சிடுவதில்லை என்பதால் வாங்கும்போதே கடையில் ஒவ்வொன்றை ஏற்றிப் பார்த்து, மங்கலான பரப்புள்ள வகையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

மீட்டர் கட்டப்போகும் இளைஞர்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். முகப்புத் தகட்டில் துளை போடும்போதே ஒவ்வொரு விளக்குக்குப் பக்கத்திலும் எண் எழுத இடம் விடுங்கள். 9.8 வோல்ட்டில் சிவப்பைச் சரிபார்த்த பிறகு, மார்க்கர் பேனாவாலாவது அந்த வாட் எண்களைப் பத்தும் எழுதுங்கள். ‘8 ஓம்’ என்றும் சேர்த்து எழுதுங்கள். 4 ஓம் ஸ்பீக்கர் மாட்டினால் எல்லா எண்ணும் இரட்டிக்கும்.